வேலையில்லாத கறுப்பு வயர்

சாவி செத்தவரின் மடியில் இருந்தது. இந்தக் கேஸில் எல்லாரையும் குழப்பியது அதுதான், இன்ஸ்பெக்டரைத் தவிர. அவரைக் குழப்ப இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும்.

கொட்டாரம் வைகுண்டராஜன் கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவர். அறுபதுகளில் வந்த வெள்ளை அம்பாசிடர். பூச்சரம் கட்டி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதில் ஏற்றி மண்டபத்து வாசலில் இறக்கினால்தான் இப்போது இங்கே ஒரு கல்யாணம் கல்யாணமாகிறது. பழைய இன்ஜின் முக்கி முனக ஆரம்பித்ததும், போன மாதம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய இன்ஜின் ஒன்றை இறக்கினார். வயரிங் முழுவதையும் புதிதாகச் செய்தவன் லிஜின் என்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்.

வியாழக்கிழமை காலை ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும் முன் வைகுண்டராஜன் காரின் முன்னால் குனிந்து, இன்ஜினைக் கையால் சுற்றும் இரும்பு ஹேண்டிலைப் போட்டார். அது அவருடைய தினசரி வழக்கம். சாவியை வேட்டி மடியில் சொருகிக்கொண்டு, ஹேண்டிலை நாலு சுற்று சுற்றி, இன்ஜினுக்குள் ஆயில் ஏறிய பிறகுதான் உள்ளே உட்கார்ந்து சாவி போடுவார். சாவி போடாத இன்ஜின் சும்மா சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. அன்றைக்கு ஆனது. ஹேண்டில் எதிர்ப்பக்கம் திரும்பி அவர் தாடையில் அடித்தது. பின்னால் சிமெண்டுத் தொட்டி இருந்தது. கல்யாணக்காரர்கள் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

பானட்டைத் திறந்து பார்த்த போலீஸ், சாவி சுவிட்சை ஒதுக்கிவிட்டு பேட்டரியிலிருந்து, தீப்பொறி உண்டாக்கும் காயிலுக்குப் போகும் ஒரு வயரைக் கண்டுபிடித்தது. சாவி இல்லாமலே இன்ஜின் உயிர்பெறும்படி யாரோ செய்திருக்கிறார்கள். வயர் என்றால் எலக்ட்ரீஷியன். லிஜினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள், கொலைக் கேஸில்.

நான் டைட்டஸ். மணக்குடிக்காரன். முழங்கால் போகும்வரை கடலுக்குப் போனேன், போன பிறகு சிவப்ரியா மேடத்துக்குக் கார் ஓட்டுகிறேன். மேடம் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதிய வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர். பொய் ரிப்போர்ட் கேட்டார்கள், வெளியே வந்துவிட்டார். இப்போது வடசேரி சந்தையில் வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ். எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள் கண்ணீர் விட்டால், அது வருத்தமா வெங்காயமா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

லிஜினின் மனைவி ரெஜிஷா சனிக்கிழமை காலை வந்தபோது அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

“டீக்கடைக்காரரு சாட்சி சொல்லியிருக்காரு மேடம். ‘உம்ம கையி ஒடியும்’னு இவரு மெரட்டினாராம்.”

“சொன்னாரா?” மேடம் கேட்டார்.

“சொன்னாரு. ‘இது பழைய இன்ஜினு மாதிரி இல்ல, ஹேண்டில் போடாதீரும், திருப்பி அடிச்சா உம்ம கையி ஒடியும்’னு சொன்னாரு. கடைக்காரரு பின்பாதிய மட்டும் கேட்டாரு.”

“முன்பாதிக்கு வடையைத் திருப்பிப் போட்டுட்டு இருந்திருப்பாரு,” என்றேன்.

ரெஜிஷா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“சண்டை எதுக்கு?” என்றார் மேடம்.

“புதன்கிழம ஒரு கல்யாணத்துக்குப் போன வண்டி பாதி வழியில நின்னுபோச்சு. பழைய சாவி சுவிட்சு உள்ள கருகிப் போயிருக்கு, புது இன்ஜினுக்கு அது தாங்காது, வேற சுவிட்சு வார வரைக்கும் வண்டிய எடுக்காண்டாம்னு இவரு சொன்னாரு. நாளைக்குக் கல்யாணம் இருக்குன்னு அவரு ரோட்டுல வெச்சு ஏசினாரு. இவரு கருவிப் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு. அதுக்குப் பொறவு அந்த ஷெட்டுக்குப் போகவே இல்ல.” அவள் குரல் இறங்கியது. “திங்கக்கெழம ஜாமீன் மனு வருது. மஸ்கட் விசா வந்து கெடக்கு. கொலைக் கேஸுன்னு நின்னுட்டா விசாவும் போச்சு, மனுஷனும் போச்சு.”

மேடம் எழுந்து கார் சாவியை என்னிடம் வீசினார்.

கொட்டாரத்தில் ஷெட்டைத் திறந்துவிட்டவள் வைகுண்டராஜனின் மனைவி தங்கபுஷ்பம். புதன்கிழமை இரவு அவள் அக்கா வீட்டில் இருந்திருக்கிறாள். புருஷனை உயிரோடு பார்த்தது புதன்கிழமை மத்தியானம்தான்.

“அந்தப் பயலுக்காக வந்தியளா?”

“வண்டியைப் பாக்க வந்தோம்மா,” என்றார் மேடம். “தொட மாட்டோம்.”

“தொட்டா என்ன, தொடாட்டா என்ன. நான் அதைக் காயலாங்கடைக்குப் போடப் போறேன்.” அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். ஹேண்டில் இன்னும் காரின் மூக்கில் செருகியபடியே இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போலீஸ் போட்டோ எடுத்துக்கொண்டு, எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. மேடம் டார்ச்சை அடித்தார்.

“இதெல்லாம் லிஜின் வேலை. பாருங்க அண்ணே.”

பார்த்தேன். பையன் கைகாரன்தான். ஒவ்வொரு வயரும் ஒரு நிறம், வளைவுகளில் கிளிப், நுனி வரை டேப். இந்த மாதிரி வேலை செய்கிறவனுக்கு ஊரில் கெட்ட பெயர்தான் கிடைக்கும், லேட் ஆக்குகிறான் என்று.

“இது அவன் வேலை இல்ல.” டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் பேட்டரியிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு ஓரமாக ஓடின. சிவப்பு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்சுக்குள் போய் வந்து காயிலில் முடிந்தது. கறுப்பு, தீப்பொறியைப் பங்கு வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்து பேட்டரிக்கே திரும்பி வந்தது.

“அண்ணே, கார்ல பாடிதான் எர்த்து. இரும்பு முழுக்க மைனஸ். எதுக்கும் ஒரு பிளஸ் வயர் போட்டாப் போதும், திரும்புற வழியை இரும்பு பாத்துக்கும். அப்போ இந்தக் கறுப்பு வயருக்கு என்ன வேலை?”

“என்னை மாதிரி மேடம். சம்பளம் வாங்கிட்டுச் சும்மா இருக்கு.”

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் ரசித்தார், எனக்குத் தெரியும். “தெரியாதவன் போட்டிருந்தா ஏதாவது ஒண்ணை விட்டிருப்பான். இவன் ஒண்ணையும் விடல்ல. தேவையே இல்லாத வயரை இவ்வளவு அக்கறையா இழுத்திருக்கான். இந்த ஆளு இரும்பை நம்புறதில்ல. ஏன்?”

“இரும்பு இவனைக் கைவிட்டிருக்கும்.”

“அப்புறம் இந்த சுவிட்ச். கொலை பண்றவன் சுவிட்சை ஒளிச்சு வைப்பான். இது ஏறி உட்கார்ந்தா முழங்கால் இடிக்கிற இடத்துல இருக்கு. இதைப் போட்டவன் மத்தவங்க பாக்கணும்னுதான் போட்டிருக்கான்.” மேடம் குனிந்தார். “ஆன்ல இருக்கு. ராத்திரி முழுக்க ஆன்ல இருந்திருக்கு.”

“அப்படீன்னா பேட்டரி எறங்கியிருக்கணுமே?”

“டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள கரண்டை விட்டு விட்டு வெட்டுற பாயிண்ட் திறந்து நின்னிருக்கும், கரண்ட் ஓடியிருக்காது. அது மூடி நின்னிருந்தா காலையில பேட்டரி செத்திருக்கும், மனுஷன் பொழச்சிருப்பாரு.”

வாசலில் தங்கபுஷ்பத்துக்கு இது கேட்டிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். மேடத்துக்கு அறிவு உண்டு, குரலைத் தாழ்த்துகிற பழக்கம் கிடையாது.

“இந்த ஜாயிண்டைப் பாருங்க அண்ணே.” காயிலுக்குப் பக்கத்தில் வயர் சேரும் இடத்தை விரலால் காட்டினார். டேப் இல்லை. கிரீஸ் தடவி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, பச்சை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. வலைநூல்.

நான் குனிந்து முடிச்சைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன்.

“கடல்காரங்க நூல்தானே இது?”

“வலைநூல் எல்லாக் கடையிலயும் கிடைக்கும் மேடம்,” என்றேன்.

மேடம் டார்ச்சை அணைத்தார். வெளியே வந்து தங்கபுஷ்பத்திடம், புதன்கிழமை சாயங்காலம் யாராவது வந்தார்களா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், நான்தான் இங்கே இல்லையே என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு உடைந்துவிட்டது. இருந்திருந்தால் இந்தப் பாழாய்ப்போன ஹேண்டிலைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன் என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள், நாங்கள்தான் அதைச் செய்யாமல் விட்டவர்கள் என்பது போல.

திரும்பும்போது நான் நேர் ரோட்டில் வடசேரிக்குப் போகாமல் சாமிதோப்பு வழியாக மணக்குடிப் பக்கம் வண்டியை விட்டேன். ஏன் என்று மேடம் கேட்கவில்லை. உப்பளம் வந்ததும், “நிறுத்துங்க அண்ணே,” என்றார்.

நிறுத்தினேன்.

“ஃபைபர் வள்ளத்துக்கு இரும்பு பாடி கிடையாது. லைட்டுக்கு, வயர்லெஸ்ஸுக்கு, எதுக்கும் ரெண்டு வயர் வேணும், போக ஒண்ணு, வர ஒண்ணு. உப்புக் காத்துல டேப் நிக்காது, அதனால கிரீஸும் டியூபும் நூலும். நம்ம ஆளு வள்ளத்துக்கு வயரிங் பண்றவன். தன் பழக்கத்துல காருக்கும் அப்படியே பண்ணிட்டான். இதுவரைக்கும் நானே வந்துட்டேன்.” மேடம் கண்ணாடியை இறக்கினார். “இதுக்கு மேல நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லல்லியே.”

“அதைத்தான் சொல்றேன். அந்த முடிச்சைப் பாத்ததுல இருந்து ஒரு நக்கலும் வரல்ல. எங்க சித்தப்பா பாடையைத் தூக்கும்போது கூட நீங்க ஒண்ணு சொன்னவரு.”

உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. நல்ல சாக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“யாரு அண்ணே?”

“முடிச்சு எடப்பக்கம் சாஞ்சு கெடக்கு மேடம். எடங்கைக்காரன் போட்டது. மணக்குடியில வள்ளத்து வேல செய்யுற எடங்கைக்காரன் ஒருத்தன்தான்.” சொல்லாமல் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனிதன்தானே நான். “எனக்க மச்சான். சகாயம். குளோரிக்கு மாப்பிள.”

குளோரி என் கூடப்பிறந்த தங்கை. அவள் மகள் பிரிஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பூசை நேரத்தில் ஃபாதர் ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார். மூன்றாவது ஓலை நாளைக்கு. அதோடு பேச்சு முடிந்தது, அப்புறம் கல்யாணம்தான்.

சகாயம் வீட்டு முற்றத்தில் புது பெயிண்ட் வாசனை. எங்களைப் பார்த்ததும் அவன் நாற்காலி எடுத்துப் போட்டான். மேடத்தின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு தானும் உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வண்டி ஓடணும்னு வந்து நின்னாரு,” என்றான். “சாவி சுவிட்சு செத்துப்போச்சு, நாளைக்கு ஒரு நாளைக்கு ஓட வெச்சுத் தா சகாயம்னாரு. அந்தப் பையன் வர மாட்டேங்கான்னாரு. ஓட வெச்சேன்.”

“சுவிட்ச அணைக்கணும்னு அவருகிட்ட சொன்னியா?” என்றேன்.

“முடிக்கும்போது அவரு குளிக்கப் போயிருந்தாரு. வீட்டுக்கு வந்து போன் போட்டுச் சொல்லணும்னு நெனச்சேன். வந்தா மாப்பிள வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க, சேல எடுக்கப் போற நாள் பேச.” அவன் இடது கையை விரித்துப் பார்த்தான். “மறந்துபோச்சு டைட்டஸ். அதுவும் போக, வள்ளத்துல எவன் சாவி வெச்சிருக்கான்? சுவிட்சப் பாத்தா அணைப்பாங்க. அவரு சாவிய மடியில வெச்சுட்டு முன்னால போய் நிப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வியாழக்கிழமையே தெரிஞ்சுபோச்சே,” என்றார் மேடம்.

சகாயம் விரித்த கையை மூடிக்கொண்டான்.

“அன்னைக்கே நீங்க போயிருந்தா கவனக்குறைவுன்னு கேஸ் போடுவாங்க. ஜாமீன்ல வீட்டுக்கு வந்திருப்பீங்க. இப்போ அதே வயருக்காக ஒரு பையன் கொலைக் கேஸ்ல உள்ள இருக்கான். அவன் அந்த வயரைக் கண்ணால கூடப் பாத்ததில்ல.”

“போறேன் மேடம். நான் போவாமே இருக்க மாட்டேன். நாளைக்கு மூணாவது ஓலை. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நானே ஸ்டேஷன்ல போய் நிக்கேன். போலீஸ் கேஸ் உள்ள வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?”

குளோரி அடுக்களையிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. “அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆவாது,” என்றாள். “அவனுக்க ஆளுவ வக்கீலு வெச்சிருக்காவ. கொஞ்ச நாளுதானே. டைட்டஸ் அண்ணே, நீ ஒண்ணும் பாக்கல்ல, கேட்டியா?”

எனக்கு சகாயத்தை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கடலில் என் முழங்கால் நசுங்கிய அன்று கரையிலிருந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். அந்தச் சனியன் பிடித்த ஞாபகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. ரெஜிஷாவின் முகமும் வந்தது. இரண்டில் எதையும் என்னால் தள்ள முடியவில்லை.

“நான் பாத்தேன் குளோரி,” என்றேன். “மேடம் கேட்டாங்க, சொல்லிட்டேன்.”

என் தங்கை என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“அப்போ நீதானா ஆளக் கூட்டிட்டு வந்தே? கூடப்பிறந்தவன்.”

உள்ளறைத் திரை விலகியது. பிரிஜா வந்தாள். கையில் நாளைக்கு அப்பா பூசைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை, இஸ்திரி போட்ட சூட்டோடு. அதைச் சகாயத்தின் மடியில் வைத்தாள்.

“அப்பா, சட்டைய மாத்துங்க. நானும் வாரேன்.”

“ஏட்டி, இது உனக்க கல்யாணம்,” என்றாள் குளோரி. “புரிஞ்சுதான் பேசுதியா?”

“புரியுதும்மா. நாளைக்கு ஃபாதர் தடை இருக்கான்னு கேப்பாரு. எனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அங்க என்ன மூஞ்சிய வெச்சுட்டு நிக்க?”

சகாயம் சட்டையை எடுத்தான். மகள்தான் பொத்தான் போட்டுவிட்டாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. நூலும் டியூபும் வாங்கி வரச் சொல்லி, தன் மேஜை மேலேயே சகாயத்தை ஒரு முடிச்சுப் போட வைத்தார். போட்டோவையும் முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு எழுத்துவேலை இரவு வரை நடந்தது. திங்கட்கிழமை லிஜினின் ஜாமீனை எதிர்க்கப் போவதில்லை என்று மேடத்திடம் சொன்னார். சகாயத்துக்குக் கவனக்குறைவுக் கேஸ், ஜாமீனில் விட்டார்கள். நான் ரெஜிஷாவுக்கு போன் செய்து சொன்னேன். அவள் அழுகிற சத்தம் கேட்டது. அங்கே வெங்காயம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், மேடமும் அதைத்தான் சொன்னார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சகாயம் வந்திருக்கவில்லை. ஃபாதர் ஓலை வாசிக்கத் தாளை எடுத்தார். முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி. தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். கல்யாணம் வேண்டாம் என்று காலையிலேயே மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருக்கு போன் வந்துவிட்டதாம். எங்களுக்கு அவர்கள் போன் செய்யக்கூட இல்லை. கோவிலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குளோரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முட்டுக்குத்தியபடியே இருந்தாள். பிரிஜா மட்டும் நேராகப் பீடத்தைப் பார்த்து நின்றாள்.

வெளியே வந்ததும் பிரிஜா என்னிடம் வந்தாள்.

“மாமா, இப்போ வீட்டுக்கு வராண்டாம். அம்ம கோவத்துல இருக்கா. நான் போன் பண்ணுதேன்.”

“செரி மக்கா.”

“அந்தப் பையன் நாளைக்கு வந்திருவானா?”

“வந்திருவான்.”

அவள் தலையாட்டினாள். குவியலில் அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலடியில் வைத்தாள். குளோரி என் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மணலில், வெயிலில், வீட்டைப் பார்த்து நடந்தார்கள். கார் என்னிடம்தான் இருந்தது, கதவும் திறந்துதான் இருந்தது. ஏறுங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.